துல்லியச் சுடுதல் போட்டிக்கான கைத்துப்பாக்கி: காலிபரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

துல்லியச் சுடுதலில் இறங்க விரும்புவோர் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்தக் காலிபர் மிகத் துல்லியமானது?" என்ற கேள்வியைத்தான். இதற்கு நேரான விடை கிடையாது. நல்ல குழலும் அதற்கு ஒத்துவரும் தோட்டாவும் அமைந்துவிட்டால், .22 முதல் .45 வரை வழக்கத்தில் உள்ள போட்டிக் காலிபர்கள் எல்லாமே, அவற்றைப் பிடித்திருக்கும் கையைவிடத் துல்லியமாகவே சுடும். கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். நான் நிற்கப்போகும் போட்டியின் விதி எந்தக் காலிபரை அனுமதிக்கிறது? ஒரே நாளில் நூறு தோட்டாக்கள் சுட்டாலும், முதல் தோட்டாவுக்குப் பிடித்த அதே பிடியை நூறாவது தோட்டாவுக்கும் பிடிக்க என் கைக்கு முடிகிற பின்னுதைப்பு எது? அந்தத் தோட்டா ஆண்டு முழுவதும், ஒரே தரத்தில், என்னால் வாங்க இயலும் அளவில் கிடைக்குமா? இந்த வரிசையிலேயே யோசித்தால் தேர்வு ஏறக்குறைய தானாகவே அமைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

பெயர்கள் குறித்து முதலில் ஒரு எச்சரிக்கை. காலிபர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் சொல்தான் என்றாலும், தோட்டாவின் பெயரில் உள்ள எண் எப்போதும் உண்மையான அளவாக இருப்பதில்லை. .38 ஸ்பெஷல் தோட்டாவில் இருக்கும் குண்டின் விட்டம் .38 அங்குலம் அன்று, ஏறத்தாழ.357 அங்குலம், அதாவது 9.1 மி.மீ. மட்டுமே. .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவின் குண்டு சுமார் 7.9 மி.மீ. .22 என்ற ஒரே எண்ணின் கீழ் ஷார்ட், லாங் ரைஃபிள், மேக்னம் என ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இடக்கூடாத தோட்டாக்கள் உள்ளன. பெயரில் ரைஃபிள் என்று இருந்தாலும் .22 லாங் ரைஃபிள்தான் இன்றைய போட்டிக் கைத்துப்பாக்கிகளின் அடிப்படைத் தோட்டா. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து எதையும் வாங்கக் கூடாது. துப்பாக்கியின் குழலில் பொறித்துள்ள முழுப் பெயரும் தோட்டாப் பெட்டியில் உள்ள முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

முதலில் விதிப்புத்தகம்

உலகத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். நடத்தும் போட்டிகளில் காலிபருக்கான இடம் மிகத் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 4.5 மி.மீ. பெல்லட் மட்டுமே பயன்படும். அங்கே தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பிஸ்டல், பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல், 25 மீட்டர் ஸ்டாண்டர்டு பிஸ்டல், 50 மீட்டர் பிஸ்டல் ஆகிய அனைத்தும் 5.6 மி.மீ., அதாவது .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கு உரியவை. 25 மீட்டர் சென்டர்ஃபயர் (எரியூட்டி தோட்டாவின் அடி நடுவில் உள்ள வகை) பிஸ்டலில் மட்டுமே சுடுபவருக்கு உண்மையான தெரிவு உண்டு, 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரை எந்தக் காலிபரும் செல்லும். அந்த எல்லைக்குள் .32, 9 மி.மீ., .38 ஆகியவை அடங்கிவிடும்; 11 மி.மீ.க்கும் மேற்பட்ட .45 வெளியே நின்றுவிடும். குண்டு ஈயம் அல்லது அதைப் போன்ற மென்மையான பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், செம்பு உறையிட்ட குண்டுகளுக்கு அனுமதி இல்லை என்ற விதியையும் இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 9 மி.மீ. பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

அமெரிக்காவில் புல்ஸ்ஐ என்ற பெயரில் வேரூன்றிய, இப்போது பிரிசிஷன் பிஸ்டல் எனப்படும் போட்டி முறை வேறு வகையைச் சேர்ந்தது. அதன் முழு வடிவத்தில் .22 துப்பாக்கியால் 90 தோட்டாக்கள், .32 அல்லது அதற்கு மேற்பட்ட சென்டர்ஃபயர் துப்பாக்கியால் 90 தோட்டாக்கள், .45 துப்பாக்கியால் 90 தோட்டாக்கள் என மொத்தம் 270 தோட்டாக்கள் சுடப்படும். உச்சப் புள்ளி 2700. மெதுவான சுற்று 50 கெஜத்திலும், 20 விநாடிக்கு ஐந்து, 10 விநாடிக்கு ஐந்து என்ற வேகச் சுற்றுகள் 25 கெஜத்திலும் நடைபெறும். இங்கு .45 துப்பாக்கி எப்படியும் தேவைப்படுவதால், சென்டர்ஃபயர் பகுதியையும் அதே .45 துப்பாக்கியாலேயே சுட்டுவிடும் வீரர்கள் ஏராளம். அவர்கள் ஆண்டுதோறும் இரண்டு துப்பாக்கிகளுக்கு மட்டும் கையைப் பழக்கினால் போதும் என்பதால், அது சோம்பேறித்தனம் அன்று, நல்ல கணக்கு. பி.பி.சி. 1500 எனப்படும் ரிவால்வர் மரபுப் போட்டியிலோ .38 ஸ்பெஷல்தான் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள தோட்டா.

விதிகள் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை ரேப்பிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் .22 ஷார்ட் தோட்டா பயன்பட்டது. அதற்கென்றே பின்னுதைப்பு ஏறக்குறைய இல்லாத தனித் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. 2005 முதல் அந்தப் போட்டி .22 லாங் ரைஃபிளுக்கு மாற்றப்பட்டபோது, அந்த அருமையான கருவிகள் ஒரே நாளில் போட்டிக்கு உதவாதவை ஆயின. 50 மீட்டர் பிஸ்டலும் 2016 ரியோவுக்குப் பின் ஒலிம்பிக் நிரலிலிருந்து நீக்கப்பட்டது. ஒரே ஒரு போட்டிக்கு மட்டும் பயன்படும் காலிபரில் பெரும்பணம் போடுவதற்கு முன், வேறெந்தப் போட்டிக்கு அது உதவும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, நீங்கள் வாழும் நாட்டின் சட்டம் அந்தக் காலிபரைக் குடிமக்களுக்கு அனுமதிக்கிறதா, உரிமம் எந்தத் துப்பாக்கிக்கு எப்படி வழங்கப்படுகிறது என்பதை எழுத்து வடிவில் உறுதிசெய்துகொள்ளுங்கள். படையினர் பயன்படுத்தும் காலிபர்களைப் பொதுமக்களுக்குத் தடைசெய்துள்ள நாடுகள் உண்டு.

புள்ளி எங்கே போகிறது?

காலிபரைப் பற்றிய பல வாதங்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அடங்கிவிடும். 25 மீட்டர் துல்லிய இலக்கில் பத்துப் புள்ளி தரும் 'பத்து வளையத்தின்' விட்டம் 50 மி.மீ.; மையத்திலிருந்து 25 மி.மீ. 25 மீட்டர் துப்பாக்கிகளில் குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே விதி அனுமதிக்கும் அதிகபட்சத் தூரம் 220 மி.மீ. முன்குறி பின்குறியின் நடுவிலிருந்து வெறும் 1 மி.மீ. விலகினால், குண்டு இலக்கில் ஏறத்தாழ 113 மி.மீ. விலகிவிடும். பத்தை இழக்கக் கால் மில்லிமீட்டர் விலகலே போதுமானது. மறுபுறம், நன்றாகச் செய்யப்பட்ட போட்டித் துப்பாக்கியைத் தாங்கியில் பூட்டி, பொருத்தமான தோட்டாவால் சுட்டால், அந்தத் தூரத்தில் பத்துக் குண்டுகளும் பத்து வளையத்தின் பாதி அகலத்துக்குள் விழும். துப்பாக்கியிடமும் தோட்டாவிடமும் மிச்சம் இருக்கிறது. நம் கையிடம்தான் மிச்சம் இல்லை. ஆகவே காலிபரைத் தேர்ந்தெடுக்கும்போது எது நம் கையின் பிழையைக் குறைக்கும் என்பதற்கு முதலிடம் தர வேண்டும்.

கையின் பிழையைப் பெருக்குவதில் பின்னுதைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. இதைக் குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தத்தால் தோராயமாக ஒப்பிடலாம். 2.6 கிராம் எடையுள்ள .22 குண்டு கைத்துப்பாக்கிக் குழலிலிருந்து விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகவும், 6.4 கிராம் எடையுள்ள .32 வாட்கட்டர் (தட்டைமுக) குண்டும் 9.6 கிராம் எடையுள்ள .38 வாட்கட்டர் குண்டும் 220 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகவும் வைத்துக்கொள்வோம். .22-ஐ ஒரு பங்கு என்றால் .32 ஏறத்தாழ இரு பங்கு, .38 மூன்று பங்கு. சாதாரண 9 மி.மீ. தோட்டா நான்கு பங்கை நெருங்கும், போட்டிக்கென மென்மையாக்கப்பட்ட.45 தோட்டா நான்கு பங்கு; முழு வலுவுள்ள இராணுவ வகை .45 ஐந்து பங்கைத் தாண்டும். துப்பாக்கியின் எடை மாறாதபோது கையில் வந்து மோதும் ஆற்றல் இந்தப் பங்கின் இருமடியாக உயரும், ஆகவே.32-இன் உதை .22-ஐப் போல் நான்கு மடங்கு, .38-இன் உதை ஒன்பது மடங்கு. .32-இலிருந்து .38-க்கு மாறியவர்கள் "சிறிய வேறுபாடுதானே என்று நினைத்தேன்" என்று வியப்பது இதனால்தான்.

இன்னொரு விளைவும் உண்டு. அது பலரின் கவனத்துக்கு வருவதில்லை. குண்டு குழலைக் கடந்து வெளியேறும் முன்பே துப்பாக்கி பின்னோக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. 1.2 கிலோ எடையுள்ள துப்பாக்கியில் 130 மி.மீ. குழலை .22 குண்டு கடப்பதற்குள் துப்பாக்கி சுமார் கால் மில்லிமீட்டர் மட்டுமே பின்வாங்கும்; .45 குண்டு கடப்பதற்குள்ளோ ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். இந்த நகர்வின்போது மணிக்கட்டு எவ்வளவு இறுகியிருந்தது, விரல்கள் எந்த அளவில் அழுத்தின என்பவை குழலின் முனையை மேலோ பக்கவாட்டிலோ திருப்பும். எனவே பெரிய காலிபரில் குறி சரியாக இருந்தும் பிடி மாறியதால் ஒன்பதோ எட்டோ விழுவது நடக்கும். .22 இந்தத் தவறை மன்னிக்கும்; .45 மன்னிக்காது.

.22 லாங் ரைஃபிள்

எந்தப் போட்டியைக் குறிவைத்தாலும் வெடிமருந்துத் துப்பாக்கியில் தொடங்க வேண்டிய காலிபர் இதுதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 1887-இல் அறிமுகமான இந்தத் தோட்டா இன்றும் ஐ.எஸ்.எஸ்.எஃப். கைத்துப்பாக்கிப் போட்டிகளில் பெரும்பாலானவற்றை ஆள்கிறது. புல்ஸ்ஐ முறையிலும் மூன்றில் ஒரு பங்கு இதற்கே. விலை குறைவு, ஓசை குறைவு, உதை குறைவு. இவற்றால் ஒரு பயிற்சி நாளில் சுடக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கை உயர்கிறது; விசையைக் கண் சிமிட்டாமல் இழுக்கும் பழக்கம் அதனால்தான் படிகிறது. சென்டர்ஃபயரில் உயர்ந்த புள்ளி எடுப்பவர்களும் தங்கள் பயிற்சியின் பெரும்பகுதியை .22-இல்தான் செய்கிறார்கள்.

போட்டிக்கு வாங்க வேண்டியது ஸ்டாண்டர்டு வெலாசிட்டி எனப்படும் வகை. அதிவேகத் தோட்டாவால் 25 மீட்டரிலோ 50 மீட்டரிலோ எந்த நன்மையும் இல்லை. ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்; அந்த எல்லையை ஒட்டிப் பறக்கும் குண்டு அதைக் கடக்கும் இடத்தில் நிலைகுலைய வாய்ப்புண்டு, ஸ்டாண்டர்டு வகையோ தொடக்கத்திலிருந்தே அதற்குக் கீழேயே பறக்கும். அதோடு, போட்டித் துப்பாக்கிகளின் சுருள்வில்லும் பின்நகரும் பாகமும் ஸ்டாண்டர்டு தோட்டாவுக்கே அளவெடுத்துச் செய்யப்பட்டவை. அதிவேகத் தோட்டாவைத் தொடர்ந்து சுட்டால் அவை விரைவில் தேய்ந்துபோகும்.

இந்தக் காலிபரின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ரிம்ஃபயர் தோட்டாவில் எரியூட்டும் கலவை அடிவிளிம்பின் உட்புறம் முழுவதும் படர்ந்திருக்க வேண்டும். எங்காவது அது சரியாகப் படியாவிட்டால் தோட்டா வெடிக்காமல் போகும். சென்டர்ஃபயரைவிட இங்கு அந்தத் தொல்லை கூடுதல். சுட்ட கூட்டை மீண்டும் நிரப்பவும் இயலாது. ஆலை கொடுப்பதைத்தான் சுட வேண்டும். எனவே .22-இல் காலிபரைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. தோட்டாவின் தயாரிப்புத் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேலை தொடங்குகிறது. எலே, லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ்., எஸ்.கே. போன்ற பெயர்களின் போட்டித் தோட்டாக்கள் அனைத்தும் நல்லவையே. ஆனால் உங்கள் குழலுக்கு எது ஒத்துவரும் என்பதை உங்கள் குழல் மட்டுமே சொல்லும். ஒரே பெயருள்ள இரண்டு தொகுப்புகள்கூட ஒரே துப்பாக்கியில் வேறுவேறாக விழுவது இயல்பு. ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது குண்டின் மேல் பூசியுள்ள மெழுகும் மாறுவதால், முதல் சில டஜன் தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். வெறும் துப்பாக்கியில் விசையிழுத்துப் பழகும்போதும் கவனம் தேவை, பல.22 துப்பாக்கிகளில் ஊசி நேராகக் குழலின் பின்விளிம்பில் மோதும் என்பதால், பயிற்சிக்கென உள்ள தனி விசை அமைப்பையோ போலித் தோட்டாவையோ பயன்படுத்த வேண்டும்.

.32-ஆ, .38-ஆ?

ஐ.எஸ்.எஸ்.எஃப். சென்டர்ஃபயரில் நிற்க முடிவுசெய்தவருக்கு இதுவே முதன்மையான கேள்வி. இரண்டுமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரிவால்வர் தோட்டாக்கள்; .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் 1896-இலும் .38 ஸ்பெஷல் 1898-இலும் வெளிவந்தன. இரண்டிலும் போட்டிக்குப் பயன்படுவது வாட்கட்டர் எனப்படும் தட்டைமுகக் குண்டு. கூடு மட்டத்துக்கு உள்ளேயே அமர்த்தப்படும் இது, தாளைக் கிழிக்காமல் துளைக்கருவி குத்தியதுபோல் வட்டமான ஓட்டையை விடும் என்பதால் புள்ளி எண்ணுவதில் சச்சரவு குறையும்.

பெரிய ஓட்டை வளையக்கோட்டைத் தொடும் வாய்ப்பு அதிகம், ஆகவே .38-க்கே நன்மை என்று சிலர் சொல்வார்கள். ஐ.எஸ்.எஸ்.எஃப். முறையில் இந்த வாதம் நிற்காது. சென்டர்ஃபயர் இலக்குத்தாளில் ஐயத்துக்குரிய ஓட்டைகள் அனைத்தும் எந்தக் காலிபராக இருந்தாலும் 9.65 மி.மீ. அளவுகோலால்தான் அளக்கப்படுகின்றன. 7.9 மி.மீ. குண்டால் சுட்டவருக்கும் 9.65 மி.மீ. விளிம்பின் பயன் கிடைத்துவிடுகிறது. பெரிய ஓட்டையின் நன்மை மறைந்தபின் .38-க்கு மிஞ்சுவது கூடுதல் உதை மட்டுமே. உலகப் போட்டிகளில் .32 பரவலாக நிலைபெற்றதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

.32-க்கு ஆதரவாக இன்னொன்றும் உண்டு. வால்தர் ஜி.எஸ்.பி., பார்டினி போன்ற துப்பாக்கிகள் .22, .32 ஆகிய இரண்டிலும் ஏறத்தாழ ஒரே உடலமைப்போடு கிடைக்கின்றன. பிடியின் கோணம், விசையின் இடம், குறிகளின் உயரம் எதுவும் மாறுவதில்லை. 25 மீட்டர் போட்டிகளில் இரண்டு காலிபர்களுக்கும் குறைந்தபட்ச விசை எடை (விசையை இழுக்கத் தேவையான அழுத்தம்) 1000 கிராம்தான். .22-இல் உழைத்துச் சேர்த்த பழக்கம் சிதறாமல் .32-க்குள் வந்துவிடும். இந்த ஒற்றுமைக்கு நான் மிகுந்த மதிப்புத் தருகிறேன். இரண்டு தனித்தனித் துப்பாக்கிகளில் கையைப் பிரித்துப் பழக்கி, இரண்டிலும் அரைகுறையாக நின்றுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்டர்ஃபயர் போட்டியின் இரண்டாம் பாதியை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். முதல் 30 தோட்டாக்கள் ஐந்து நிமிடத்துக்கு ஐந்து என்ற அமைதியான சுற்று. அடுத்த 30-இல் இலக்கு ஒவ்வொரு முறையும் மூன்று விநாடி மட்டுமே தெரியும், நடுவில் ஏழு விநாடி இடைவெளி. கை தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்து, குறியைச் சேர்த்து, விசையை இழுத்து முடிக்க அந்த மூன்று விநாடிதான். முந்தைய உதையில் பிடி சற்று நழுவியிருந்தால் அதைச் சரிசெய்ய அந்த ஏழு விநாடிக்குள்ளேயே நேரம் தேட வேண்டும். உதை குறையக் குறைய இந்த வேலையும் குறையும்.

அப்படியானால் .38-ஐ யார் தேர்ந்தெடுக்க வேண்டும்? ரிவால்வர் போட்டிகளில் நிற்பவர், 50 கெஜத் தூரத்துக்கும் போகப்போகிறவர், தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்பவர் ஆகியோருக்கு அது இன்றும் சிறந்த தெரிவு. அடிப்பகுதி குழிவான 148 கிரெயின் (ஏறத்தாழ 9.6 கிராம்) வாட்கட்டர் 50 கெஜத்தில் நம்பத்தக்க துல்லியம் தரும் என்பது தலைமுறைகளாக நிறுவப்பட்ட உண்மை. .32-இன் இலேசான வாட்கட்டர் குண்டோ சில குழல்களில் அந்தத் தூரத்தில் தள்ளாடத் தொடங்கும். 25 மீட்டரில் தெரியாத குறை அங்கே வெளிப்படும். தானியங்கித் துப்பாக்கியில் .38 வேண்டும் என்பவருக்குத் தெரிவுகள் குறைவு. விளிம்பு வெளியே துருத்தியிருக்கும் நீண்ட தோட்டா என்பதால் மேகசினில் அதைச் சீராக ஏற்றுவது கடினம். 1961-இல் வெளிவந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 52 இதை ஐந்து தோட்டா மேகசினோடு அழகாகத் தீர்த்தது. ஆனால் அதன் உற்பத்தி 1990-களிலேயே நின்றுவிட்டது.

9 மி.மீ.

உலகில் மிகப் பரவலான கைத்துப்பாக்கித் தோட்டா இதுவே. 1902-இலிருந்து இருக்கிறது, எளிதில் கிடைக்கிறது. இதனாலேயே புதியவர்கள் பலர் இதை நோக்கிச் செல்கிறார்கள். துல்லியப் போட்டிக்கு முதல் தெரிவாக நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. கடைகளில் கிடைக்கும் தோட்டாக்களில் பெரும்பான்மை உறையிட்ட குண்டுகள்; அவற்றை ஐ.எஸ்.எஸ்.எஃப். சென்டர்ஃபயரில் சுட முடியாது. ஈயக் குண்டைத் தேடிப்பிடித்தாலும், இந்தத் தோட்டாவின் இயல்பான வேகமும் அழுத்தமும் மென்மையான ஈயத்துக்கு உகந்தவை அல்ல. குழலில் ஈயம் படியும், துல்லியம் குலையும். வேகத்தைக் குறைத்தால் துப்பாக்கியின் இயக்கம் தடைபடும். பணித்துப்பாக்கிகளுக்கான தனிப் பிரிவில் நிற்பவருக்கு 9 மி.மீ. பொருத்தமே, அங்கு எல்லோரும் அதே நிபந்தனைகளில்தான் சுடுகிறார்கள்.

.45

புல்ஸ்ஐ முறையின் உயிர்நாடி இது. இங்கே ஓட்டையின் அளவு உண்மையிலேயே கணக்கில் வரும். ஏனெனில் இந்த முறையில் அளவுகோல் சுட்ட காலிபருக்கு ஏற்ப மாறும். 50 கெஜ இலக்கிலும் 25 கெஜ இலக்கிலும் பத்து வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம், ஏறத்தாழ 85 மி.மீ. குண்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், .32-ஐவிட .45-க்கு ஒவ்வொரு பக்கமும் 1.7 மி.மீ.க்குச் சற்று மேல் கூடுதலாகக் கிடைக்கிறது. பரப்பாகக் கணக்கிட்டால் பத்து விழத்தக்க இடம் சுமார் எட்டு விழுக்காடு பெரிதாகிறது. சிறிய நன்மைதான், ஆனால் உண்மையான நன்மை. அதற்கு ஈடாக நான்கு பங்கு உந்தத்தைத் தாங்க வேண்டும்; .45-க்கான குறைந்தபட்ச விசை எடையும் 3.5 பவுண்டு, .22-க்கான 2 பவுண்டைவிடக் கணிசமாக அதிகம். 10 விநாடியில் ஐந்து தோட்டாக்கள் சுடும் சுற்றில் இந்த எட்டு விழுக்காடு மிஞ்சுமா, உதையில் கரைந்துபோகுமா என்பது உங்கள் மணிக்கட்டைப் பொறுத்தது.

.45-ஐத் தேர்ந்தெடுப்பவர் 230 கிரெயின் முழு வலுத் தோட்டாவை மறந்துவிட்டு, 185 அல்லது 200 கிரெயின் எடையுள்ள அரை வாட்கட்டர் குண்டோடு மிதமான வேகத்தில் செய்த போட்டித் தோட்டாவைத் தேட வேண்டும். துப்பாக்கியின் சுருள்வில்லும் அந்த மென்மைக்கு ஏற்றதாக மாற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்பாகம் முழுதாகப் பின்செல்லாமல் வேகச் சுற்றின் நடுவே சிக்கிக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன் சுட்டுப் பாருங்கள்

இரண்டு காலிபர்களுக்கு இடையே தடுமாறும்போது, சுடுதளத்தில் யாரிடமாவது முறையாகக் கேட்டு, அவர் முன்னிலையில் இரண்டையும் சுட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் பத்துத் தோட்டாக்களில் எதுவும் தெரியாது. ஒவ்வொரு காலிபரிலும் மெதுவாக 30, நேரக் கட்டுப்பாட்டோடு 30 என்று சுட்டு, நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மெதுவான சுற்றில் இரண்டு காலிபர்களும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். பார்க்க வேண்டியது மெதுவான சுற்றிலிருந்து வேகச் சுற்றுக்குப் போகும்போது எந்தக் காலிபரில் புள்ளி அதிகம் சரிகிறது என்பதை. அதோடு, கடைசிப் பத்துத் தோட்டாக்களை முதல் பத்தோடு ஒப்பிடுங்கள். கடைசிப் பத்து இலக்கின் கீழ்ப்பக்கமாக இறங்கத் தொடங்கியிருந்தால், சுடும் கணத்துக்கு முன்பே கை அஞ்சி அழுத்துகிறது என்று பொருள். அந்தக் காலிபர் உங்களுக்கு இப்போதைக்கு மிகை. ஆறு மாத .22 பயிற்சிக்குப் பின் அதே சோதனையைத் திரும்பச் செய்யலாம். எந்தக் காலிபரானாலும், .22 உட்பட, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லாமல் ஒரு தோட்டாவும் சுடக் கூடாது. ஓசையின் அதிர்ச்சியே பாதி அச்சத்தை உண்டாக்குகிறது.

தோட்டாச் செலவையும் துப்பாக்கி விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். வாரத்துக்கு 200 தோட்டாக்கள் என்றால் ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். சில ஆண்டுகளில் தோட்டாச் செலவு துப்பாக்கியின் விலையை விஞ்சிவிடும். சென்டர்ஃபயரில் தோட்டாவை நீங்களே நிரப்பச் சட்டம் அனுமதித்தால் செலவு கணிசமாகக் குறையும், குழலுக்கு ஏற்றபடி தோட்டாவை அமைக்கவும் இயலும். ஆனால் .32, .38 போன்ற போட்டித் தோட்டாக்களில் வெடிமருந்தின் அளவு மிகச் சிறியது. குறிப்பாக .38-இன் கூடு கரிமருந்து காலத்தில் அளவெடுத்தது. இருமடங்கு மருந்து தவறி விழுந்தாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும், அப்படி ஒரு தோட்டா துப்பாக்கியையும் கையையும் சிதைக்கப் போதுமானது. ஒவ்வொரு கூட்டையும் குண்டு பொருத்துவதற்கு முன் வெளிச்சத்தில் கண்ணால் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் ஆலைத் தோட்டாவோடு நிற்பதே நல்லது.

காலிபர் முடிவாகி, துப்பாக்கியும் கைக்கு வந்தபின், மூன்று நான்கு வகைத் தோட்டாக்களில் சில பெட்டிகள் மட்டும் வாங்குங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட தொகுப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைத் தாங்கியில் பூட்டியோ, அது இயலாவிட்டால் மணல் மூட்டையின் மேல் இரு கைகளையும் ஊன்றியோ, ஒவ்வொரு தொகுப்பிலும் பத்துத் தோட்டாக்கள் கொண்ட ஐந்து குழுக்களைச் சுடுங்கள். ஐந்து தோட்டாக் குழு ஒன்று தற்செயலாக அழகாக விழுந்துவிடும். அதை நம்பி ஆயிரம் தோட்டாக்கள் வாங்கி வருந்தியவர் பலர். மிகச் சிறிய குழுவைத் தந்த தொகுப்பைவிட, ஐந்து குழுக்களும் ஒரே அளவில் விழுந்த தொகுப்பையே தேர்ந்தெடுங்கள். அதே எண்ணில் ஒரு போட்டிப் பருவத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். குறிகளை அந்தத் தொகுப்புக்கே சரிசெய்து, எத்தனை சொடுக்கு எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்பதைப் பயிற்சி ஏட்டில் எழுதுங்கள். மீதி இரு நூறு தோட்டாக்கள் என்ற நிலை வந்ததும் அடுத்த தொகுப்பின் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். போட்டிக்கு முந்தைய வாரத்தில் புதுத் தொகுப்புக்கு மாறும் நிலை வரக் கூடாது.